பூக்காத பூ

மலைநாட்டிலே வீடு வாய்த்தவர்களுக்குக் கிட்டும் பேறுகளுள் ஒன்று, வீட்டைச் சுற்றிக் கையகலத் தோட்டமேனும் வைத்துக்கொள்ளலாம் என்பது. யாழ்ப்பாணத்திற் பிறந்து, ஆசிரிய உத்தியோகத்தின் நிமித்தம் நுவரெலியாவுக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னரும் ஊர் திரும்ப மனமின்றி இங்கேயே தங்கிவிட்ட எங்களுக்கும் அந்தப் பேறு கிட்டியது. தோட்டம் என்றால் என் மனைவியின் தோட்டம். மண்ணைக் கொத்துவதும், எருவிடுவதும், நாற்று நடுவதும் அவள். விளைந்தவற்றை உண்டு, "நன்று" என்று சான்று வழங்குவது நான். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வேலைப் பிரிவினையிலே எவ்விதக் குழப்பமும் நேர்ந்ததில்லை.

அவளுடைய பாத்திகளிலே கரட், பீற்றூட், லீக்ஸ், நோக்கோல் ஆகிய யாவும் உண்டு. ஆயினும் அவளுடைய தனி அன்புக்கு உரியது, கோலிபிளவர் என்றும் பூக்கோவா என்றும் நாம் வழங்கும் அந்த வெள்ளைத் தலைதான். காரணம் கேட்டால், "அதுக்குத்தான் என்ர உதவி வேணும், மற்றதெல்லாம் தன்ர பாட்டில வளரும்" என்பாள். உண்மையே. இளஞ்செடியின் வளர்ச்சி குளிராலோ பசளைக் குறைவாலோ தடைப்பட்டால், பொத்தானளவு தலை ஒன்று காலத்துக்கு முன்னே தோன்றி அத்துடன் நின்றுவிடும். தலை கட்டும் பருவத்தில் வெப்பம் மிகுந்தால், அதன் நடுவே சிற்றிலைகள் முளைத்து அழகைக் கெடுக்கும். வெயில் நேரே பட்டால் வெண்மை மங்கி மஞ்சளாகும். மண்ணிலே போரன் என்னும் சத்துக் குறைந்தால் தலை பழுப்பேறித் தண்டு உள்ளே கோறையாகும்.

இத்தனைக்கும் ஈடுகொடுத்து, தலை ஒரு கோழிமுட்டையளவு பருத்தவுடன், சுற்றியுள்ள பெரிய இலைகளை ஒன்றுகூட்டிச் சணல் நூலாற் கட்டிவிடுவாள். அந்தக் கூடாரத்தின் நிழலிலே தலை பால்போல வெளுத்துப் பருக்கும். நாட்களை எண்ணிக்கொண்டே இருந்து, உரிய நாளில் நூலை அவிழ்த்துக் கத்தியை வைத்துவிடுவாள். ஒருநாள் பிந்துவதும் அவளுக்குப் பொறுக்காது. அன்று மாலையே பாற்கறி ஆகும். மறுநாள் பிரட்டல் ஆகும். நானும் உண்டு சான்று வழங்குவேன்.

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில், பனி நனைத்த படியிலே கால் வழுக்கி அவள் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இங்குள்ள வைத்தியர்கள் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அப்போது வயது 67. அந்த வயதில் இடுப்பு முறிந்தவர்களுள் மீண்டும் எழுந்து நடவாமலே போனவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்லுமுன் அவள் என்னைக் கையசைத்து அருகே அழைத்தாள். பிள்ளைகளைக் குறித்தோ, தன்னைக் குறித்தோ ஏதோ சொல்லப்போகிறாள் என்று நெஞ்சம் பதைக்கக் குனிந்தேன்.

"இஞ்சாருங்கோ, தண்ணித்தொட்டியடியில நிக்கிற பூக்கோவா இரண்டும் கட்டினபடி கிடக்குது. பத்துப் பன்னிரண்டு நாளைக்குள்ள வெட்டிப்போடவேணும். ஒண்டைப் பக்கத்து வீட்டுக்குக் குடுங்கோ. மறந்துபோகாதேங்கோ."

நான் தலையசைத்தேன். பின்னர் மறந்தும் போனேன்.

*

வெள்ளவத்தையில் உள்ள மகள் வீட்டுக்கும் ஆசுபத்திரிக்குமாக மூன்று கிழமைகள் அலைந்தபின், வீட்டைப் பார்த்துவருவதற்காக மாசி மாதத் தொடக்கத்தில் நுவரெலியா திரும்பினேன். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்திருந்தது. ஆனால் மூன்று மாதமாவது மலைப்பாதையில் பயணம் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே அவள் மகளுடன் தங்கினாள்.

பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதர். நாங்கள் இல்லாத நாளெல்லாம் பாத்திகளுக்குத் தண்ணீர் வார்த்திருந்தார். "ஐயா, ஒரு பூவை வெட்டிக்கிட்டோம். மத்தது தொட்டிக்குப் பின்னால இருந்தது, கண்ணுல படல" என்றார். அப்போதுதான் என் மனைவியின் சொல் எனக்கு நினைவு வந்தது. ஓடிச்சென்று பார்த்தேன். இலைகளைக் கட்டியிருந்த நூல் அறுந்து தொங்கிற்று. உள்ளே இருந்த தலை ஒரு சாணுக்கு மேல் அகன்று, இறுக்கம் தளர்ந்து, கொத்துக்கொத்தாகப் பிரிந்து நின்றது. வழுவழுப்பாக இருக்கவேண்டிய அதன் மேற்பரப்பு, சோற்றுப் பருக்கைகளை ஒட்டிவைத்ததுபோலச் சொரசொரத்தது. கறிக்கு உதவாது என்பது எனக்கே விளங்கிற்று. அவள் ஒப்படைத்துச் சென்றது அந்த ஒரேயொரு வேலை. அதையும் நான் செய்யவில்லை.

அன்றிரவு தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் மறுமுனையில் ஓசை இல்லை. வைவாள் என்று காத்திருந்தேன்.

"வெட்டிப்போட்டியளோ?" என்றாள் முடிவில்.

"இல்லை. அப்பிடியே நிக்குது. நாளைக்கு வெட்டி எருக்குழியில போடட்டோ?"

"வேண்டாம், விடுங்கோ. இருபத்திரண்டு வரியமா நான் வெட்டித்தான் பார்த்தனான். அது பூத்து ஒருநாளும் பாக்கேல்லை. பூக்கட்டும். நான் வந்து பாப்பன்."

நான் வியந்தேன். "அதுதானே பூ? இனி என்ன பூக்கிறது?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. நீங்கள்தானே வாத்தியார், பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் தமிழும் சரித்திரமும் படிப்பித்த வாத்தியார். செடிகொடிகளைப் பற்றி நான் அறிந்தது, இலக்கியத்திலே தலைவி சூடிய மலர்களின் பெயர்கள் மட்டுமே. ஆயினும் எங்கள் பேத்தி உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். அம்மம்மாவின் கட்டிலருகே இருந்துகொண்டு அவள் தொலைபேசி வழியாக எனக்கு ஆசிரியையானாள். நான் தோட்டத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் நூல்களைப் பார்த்துச் சொல்வாள். இரண்டையும் என் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வாறு நாங்கள் மூவரும் ஒவ்வோர் இரவும் கூடிக் கற்ற பாடத்தையே நேயர்களுக்கு இங்கு எழுதுகின்றேன்.

*

முதலில் நான் அறிந்தது, நாம் உண்ணும் அந்தத் தலை பூவன்று, மொட்டுமன்று என்பது.

எந்தச் செடியின் தண்டுக்கும் நுனியிலே வளர்முனை ஒன்று உண்டு. பிரியிழையம் என்று பாடநூல்கள் அதனைக் கூறும். குண்டூசித் தலையினும் சிறியதாகிய அதிலிருந்தே இலையும் கிளையும் பூவும் யாவும் பிறக்கின்றன. பூக்கோவாச் செடியின் வளர்முனை தொடக்கத்தில் இலைகளை மட்டுமே ஈன்றுகொண்டிருக்கும். போதிய இலைகள் தோன்றிச் செடியும் முதிர்ந்து, ஏற்ற குளிர்ச்சியும் வாய்த்தபின்னர், அது இலை ஈனுவதை நிறுத்திப் பூக்கும் முயற்சியைத் தொடங்குகின்றது. தண்டின் நுனி பருத்து, அதன் பக்கங்களிலே சிறு புடைப்புகள் தோன்றுகின்றன.

கடுகுச் செடியாயின், அப்புடைப்பு ஒவ்வொன்றும் புல்லியும் அல்லியும் கேசரமும் சூலகமும் கொண்டு ஒரு பூவாகிவிடும். பூக்கோவாவிலே நடப்பது வேறு. புடைப்பு பூவாகப் புறப்படுகின்றது. புறப்பட்டு ஓரடி வைத்ததும் அம்முயற்சி தளர்ந்து, மறுபடி தண்டின் முனையாக மாறிவிடுகின்றது. தண்டின் முனையானபடியால் அதுவும் தன் பக்கங்களிலே புதிய புடைப்புகளை ஈனுகின்றது. அவையும் பூவாகப் புறப்பட்டு, அவையும் தளர்ந்து, அவையும் தண்டாகிப் புதியனவற்றை ஈனுகின்றன. இப்படியே பல தலைமுறை. எதுவும் பூவாகி முடிவதில்லை. எதுவும் முயற்சியை நிறுத்துவதுமில்லை. இவ்வாறு நெருங்கிக் குவிந்த பல்லாயிரம் முனைகளின் கூட்டமே நாம் சந்தையிலே விலை பேசி வாங்கும் அந்த வெள்ளைத் தலை.

இதனை நேயர்கள் தத்தம் சமையலறையிலேயே காணலாம். தலையிலிருந்து ஒரு கொத்தை ஒடித்தால், அது முழுத்தலையின் சிறிய வடிவமாகவே இருக்கும். அதிலிருந்து ஒரு சிறு கொத்தை ஒடித்தால் அதுவும் அப்படியே. கொத்துகள் அமைந்துள்ள ஒழுங்கை உற்றுப் பார்த்தால், அவை நடுவிலிருந்து இருபுறமாகவும் சுழன்று இறங்கும் வரிசைகளாய் இருப்பது தெரியும். ஒருபுறமாகச் சுழலும் வரிசைகள் 5 ஆயின், மறுபுறமாகச் சுழல்பவை பெரும்பாலும் 8 ஆக இருக்கும். றோமனெஸ்கோ என்னும் பச்சை நிற இனத்திலே ஒவ்வொரு கொத்தும் கூர்ங்கோபுரம் போல் எழுவதால் இவ்வொழுங்கு இன்னும் தெளிவாகத் தோன்றும். அங்கே 8 உம் 13 உம் ஆக எண்ணலாம். இவை, முன்னிரண்டு எண்களைக் கூட்ட அடுத்தது வரும் தொடரில் உள்ள எண்கள். கறிக்கு வெட்டும் காயிலே கணிதம் இருக்கின்றது என்று நான் தொலைபேசியிற் சொன்னபோது, "அதுதான் வெட்டேக்க எனக்குக் கை நிண்டு நிண்டு போறது" என்றாள் என் மனைவி.

*

ஏன் இந்தத் தளர்ச்சி? இதற்கு விடை தேடியவர்கள் பூக்கோவாவை மட்டும் ஆராயவில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடோப்சிஸ் என்னும் ஒரு சிறு களையையும் ஆராய்ந்தார்கள். அச்செடியிலே குறித்த இரண்டு பரம்பரையலகுகள் பழுதடைந்தால், அது பூப்பதற்குப் பதிலாகப் பூக்கோவாவைப் போன்ற நுண்ணிய தலைகளைக் கட்டுகின்றது. அவ்விரண்டில் ஒன்றுக்குக் கோலிபிளவர் என்றே பெயரும் இட்டுவிட்டார்கள். உண்ணும் பூக்கோவாவிலும் அவ்வலகு பழுதுற்றே இருக்கின்றதென 1995 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினர். அது ஒன்றே காரணமன்று, வேறு அலகுகளும் உடன் நிற்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

2021 ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தைச் சேர்ந்த பிரான்சுவா பார்சி, கிறிஸ்தோப் கொடன் என்போரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி இக்கதையை இன்னும் விளக்கமாக்கியது. அதனை என் பேத்தி சொல்லிய விதமே எனக்கு நன்கு விளங்கிற்று.

"அம்மப்பா, தாழ்ப்பாள் விழாத கதவு மாதிரி. பூவாகச் சொல்லுற அலகு கதவைத் திறக்குது. வேற இரண்டு அலகுகள் வந்து தாழ்ப்பாளைப் போட்டால்தான் அது திறந்தபடி நிக்கும். பூக்கோவாவில தாழ்ப்பாள் விழேல்லை. தண்டாகச் சொல்லுற அலகு வந்து கதவைத் திரும்பச் சாத்திப்போடுது."

ஆனால் கதவு திறந்திருந்த அந்தச் சிறிது பொழுதும் வீணாவதில்லை என்பதே பிரெஞ்சு ஆராய்ச்சியின் சாரம். ஒருகணம் பூவின் நிலையைத் தொட்டு மீண்ட அந்த முனை, முன்னிருந்த சாதாரணத் தண்டாகத் திரும்புவதில்லை. பூவின் நிலையிலே தான் இருந்ததன் நினைவு போன்ற ஒன்றை அது வைத்துக்கொள்கின்றது. அதனால் இலை விடுவதை அது மறந்துவிடுகின்றது. காத்திராமல் உடனுக்குடன் கிளைப்பதை மட்டும் பெற்றுக்கொள்கின்றது. தலைக்குள்ளே இலைகள் இல்லாதிருப்பதும், அது இத்துணை நெருக்கமாகக் குவிவதும் இதனாலேயே.

இந்தக் குறையை மனிதர் கண்டு, கண்ணும் கருத்துமாகப் பேணி வளர்த்தார்கள் என்பதும் வியப்பே. கோவா, நோக்கோல், புறோக்கோலி, பூக்கோவா ஆகிய நான்கும் தாவரவியலார் கணக்கிலே ஒரே இனம். மேலை நாட்டுக் கடலோரங்களில் வளர்ந்த ஒரு காட்டுக் கோவாவின் மக்கள் அவை. நுனிமொட்டுப் பெருத்ததைக் கோவாவாகவும், தண்டு பருத்ததை நோக்கோலாகவும், பூமொட்டுகள் திரண்டதைப் புறோக்கோலியாகவும், மொட்டாகுமுன்னரே நின்றுவிட்டதைப் பூக்கோவாவாகவும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். கோவா என்ற பெயரே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொல். வட இந்தியாவுக்குப் பூக்கோவா விதை இங்கிலாந்திலிருந்து 1822 இல் வந்தது. வெப்பம் தாங்கும் இனங்களை அங்குள்ள உழவர்கள் பின்னர் உருவாக்கினார்கள். நம் நுவரெலியாவிலோ 1848 இல் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் வந்து பண்ணை அமைத்த நாள்முதல், கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலான இந்தக் குளிர்ந்த மண் மேலைநாட்டுக் காய்கறிகளுக்குப் புகலிடமாயிற்று.

*

தொட்டியடிப் பூக்கோவாவுக்கு மீளுவோம். மாசி நடுவிலே அதன் கொத்துகள் ஒன்றையொன்று விட்டு விலகி, ஒவ்வொன்றும் காம்பு நீண்டு மேலெழத் தொடங்கின. வெண்மை மாறி இளம்பச்சை ஏறிற்று. சோற்றுப் பருக்கைபோல முன்னர் நான் கண்டவை மொட்டுகளாகத் திரள்வதைக் கண்டேன். தாழ்ப்பாள் சில இடங்களிலே விழத் தொடங்கிவிட்டது!

சில இடங்களிலே என்று சொன்னேன். எல்லா முனைகளும் மொட்டாகவில்லை. பல்லாயிரத்துள் மிகச் சிலவே தேறின. ஏனையவை வளர்ச்சியின்றிச் சுருங்கிப் பழுப்பேறின. தலையின் நடுப்பகுதி பனி நீர் தங்கி அழுகவும் தொடங்கியது. விதைக்காக வளர்ப்போர் தலையின் நடுவைக் கத்தியாற் குடைந்து எடுத்துவிடுவதுண்டு, அப்போது பூத்தண்டுகள் தடையின்றி எழும் என்று பேத்தி படித்துச் சொன்னாள். நானும் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு கட்டளைக்குக் காத்திருந்தேன்.

"கத்தி வேண்டாம்" என்றாள் என் மனைவி. "எனக்குப் போட்ட கத்தி காணும்."

அழுகிய பகுதியைக் கையாலேயே கிள்ளி எடுத்தேன். அதன்பின்னர் காலையும் மாலையும் தொட்டியடிக்குப் போவது என் வழக்கமாயிற்று. தண்ணீர் எவ்வளவு வார்ப்பது, நத்தையை எங்கே தேடுவது, மண்ணை எப்போது அணைப்பது என்று அவள் தொலைபேசியிலே சொல்ல நான் செய்தேன். 22 ஆண்டுகளாக அவள் இதையெல்லாம் செய்து வந்திருக்கிறாள். நான் சன்னல் வழியாக ஒருமுறை தானும் நின்று பார்த்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அங்கே கொழும்பிலே அவள் இரண்டு கோல்களை ஊன்றி எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் நாள் நான்கு அடி. பிறகு வாசல் வரை. பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி, "அம்மா, எவ்வளவு தூரம் நடக்க ஆசை?" என்று கேட்டாராம். "எங்கட வீட்டுக் குசினியில இருந்து தண்ணித்தொட்டி வரைக்கும், முப்பத்தாறு அடி" என்று இவள் கணக்காகச் சொன்னாளாம். மகள் இதை எனக்குச் சொன்ன இரவு நான் வெகுநேரம் உறங்கவில்லை.

பங்குனி முதற் கிழமையில் ஒருநாள் காலை, மூடுபனி விலகுமுன் நான் சென்றபோது முதற்பூ விரிந்திருந்தது. மஞ்சள் நிறம். நான்கே இதழ்கள், சிலுவை வடிவில். நடுவே ஆறு கேசரங்கள். அவற்றுள் நான்கு நெடியன, இரண்டு குறியன. கடுகுக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம் இது என்று பேத்தி சொன்னாள். ஒரு கிழமைக்குள் மார்பளவு உயர்ந்த செடி முழுவதும் மஞ்சளாயிற்று. பக்கத்துத் தோட்டத்திலே பிடுங்காமல் விட்ட நோக்கோல் சிலவும் அவ்வேளை பூத்திருந்தன. தேனீக்கள் அங்கும் இங்குமாகப் பறந்தன.

"பூத்திட்டுது. நீர் எப்ப வாறீர்?" என்று கேட்டேன்.

"டொக்டர் விடோணுமே. எத்தினை நாள் நிக்கும்?"

எனக்கு விடை தெரியவில்லை. நாள்தோறும் கீழேயுள்ள பூக்கள் உதிர்வதைக் கண்டேன். உதிர்ந்ததைச் சொல்லாமல், புதிதாய் விரிந்ததை மட்டும் சொல்லி வந்தேன். 40 ஆண்டு மணவாழ்வில் நான் அவளுக்கு ஒளித்த செய்திகள் வெகு சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

*

சித்திரை வருடப்பிறப்புக்குப் பின்னரே வைத்தியர் அனுமதி தந்தார். அவள் வந்து இறங்கிய மாலையில், தேநீர் அருந்தவும் அமரவில்லை. ஒற்றைக் கோலை ஊன்றிக் குசினி வாசலைத் தாண்டினாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் வழுக்கி விழுந்த படிக்கு அருகிலே நான் புதிதாக ஒரு கைப்பிடி போடுவித்திருந்தேன். அதைப் பற்றி இறங்கினாள். நான் அடிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. முன்னைய முப்பத்தாறு அடித் தூரம் இப்போது நாற்பத்தொன்றாகிவிட்டது; ஆனால் அவள் தொட்டியடியை அடைந்துவிட்டாள்.

பூவெல்லாம் உதிர்ந்துவிட்டதே என்ற கவலையுடன் நான் பின்னே நின்றேன். ஆனால் பூக்கோவாவின் பூத்தண்டு அடியிலிருந்து நுனியை நோக்கிப் பூப்பது. கீழே பூத்தவை மெல்லிய நீண்ட காய்களாகி வரிசையாய் நிற்க, உச்சியிலே இன்னும் நாலைந்து மஞ்சட்பூக்கள் எஞ்சியிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், காய்களைத் தடவினாள், பின்னர் அடியிலே சுருங்கி உலர்ந்து கிடந்த, பூக்காமற்போன முனைகளையும் வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுக்கை இவ்வளவுதானே பூத்தது?" என்றாள்.

"ஓம். மற்றதெல்லாம் கருகிப்போச்சு."

"காணும். விதைக்கு இது காணும்."

நாம் பூ என்று பெயரிட்டு உண்டது, பூக்க முனைந்து நின்றுபோனவற்றின் கூட்டம். அதனைக் குறை என்று நான் இப்போது கருதவில்லை. அந்தத் தடையினாலன்றோ அது நமக்கு உணவாயிற்று! ஆயினும் அது தன்னளவிலே போக விரும்பிய வழி வேறு. அவ்வழியை முழுவதும் காண்பதற்கு, நாம் கத்தியை ஒருமுறை மறக்கவேண்டியிருந்தது. எந்த முனை பூவாகும், எது கருகும் என்பதை மாசி மாதத்திலே எவரும் சொல்லியிருக்க முடியாது. எல்லாம் ஒரே வெண்மையாகத்தான் இருந்தன.

வைகாசி இறுதியில், பெருமழைக்கு முன், காய்கள் வைக்கோல் நிறமாயின. அவள் நாற்காலியில் அமர்ந்திருந்து சொல்ல, நான் அறுத்து, துணியிலே பரப்பி, காயவைத்து, கையாற் கசக்கினேன். கடுகு போன்ற கரும்பழுப்பு விதைகள் ஒரு சிறங்கைக்குக் குறைவாகக் கிடைத்தன. பேத்தி அப்போதே எச்சரித்தாள்: இந்த விதை தாயைப்போலப் பூக்கோவாவாகும் என்று நம்பமுடியாது. கோவா இனத்துப் பூக்கள் பெரும்பாலும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்க மறுப்பவை. பூக்கோவாவிலே இம்மறுப்பு கூடியும் குறைந்தும் இருக்கும். பக்கத்திலே பூத்த நோக்கோலோ ஒரே இனம். தேனீக்கள் என்ன செய்தன என்பதை யார் அறிவார்? தலை கட்டாத, தண்டும் பருக்காத ஏதோ ஒன்று முளைத்தாலும் வியப்பில்லை.

இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். விதையை ஒரு பழைய தேயிலைப் பேணியில் இட்டு மூடி, குசினி அலுமாரியில் வைத்தாள்.

இந்த ஆண்டு நாற்று மேடையை நானே இட்டேன். அவள் கோலால் மண்ணைத் தொட்டுக் காட்டிய இடத்தில் விதைகளைத் தூவினேன். ஐந்தாம் நாள் முளைத்தன. இதய வடிவான இரண்டு சிற்றிலைகள் ஒவ்வொன்றிலும். கோவாவுக்கும் நோக்கோலுக்கும் பூக்கோவாவுக்கும் அந்தப் பருவத்தில் ஒரே முகந்தான். எது எதுவாகும் என்று இப்போது சொல்லமுடியாது.

"எல்லாத்தையும் நடுவமோ?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் நடுங்கோ," என்றாள் அவள். "ஆனா தொட்டியடியில இரண்டு இடம் விடுங்கோ. அதுக்குக் கடையில வாங்கின விதை போடுவம். எனக்குப் பாற்கறியும் வேணும்."